சுண்ணாம்பு பூசிய ஐந்து தொட்டிகள்

அடி என் ஊட்டி,

காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இன்னும் விரியவில்லை. மொட்டு நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது, தவிட்டு நிறத்தில், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. விரலை மண்ணில் வைத்துப் பார்த்தேன். ஈரம் இருக்கிறது. இருந்தும் கை சொம்பைத் தேடுகிறது. சும்மா இருக்க மாட்டேன் என்கிற கைக்குப் பேனாவைக் கொடுத்திருக்கிறேன்.

ஊட்டி என்று கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். "ஊட்டி இல்லீங்க்கா, கோத்தகிரி" என்பாய். பதினெட்டு வருசமாகச் சொன்னாய். லைன் வீட்டில் எல்லோருக்கும் நீ ஊட்டிக்காரி. எனக்கு மட்டும் வெறும் ஊட்டி. உன் சொந்தப் பெயரை நான் சொன்னது ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது. அதையும் சித்த நேரம் யோசித்துத்தான் சொன்னேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நந்தினிக்கு வளைகாப்பு. உன் மகளுக்கு ஏழாம் மாதம்டி. பவானியில், மாப்பிள்ளை வீட்டில். உன் இடத்தில் உன்னுடைய ஐந்து அசேலியாச் செடிகளையும் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

ஐந்து இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. நாலு செத்துப்போய்விட்டது. நான்தான் சாகடித்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் பவானிக்குப் பஸ் ஏற என்னால் முடியாது.

மூன்று வருசத்துக்கு முன்னால் அந்தச் செடிகள் வந்த நாள் நினைவிருக்கிறதா? சரவணம்பட்டி ஆபீசில் நாம் கூட்டித் துடைக்கிற மாடியில் ஏதோ விழா. வாசலில் இருந்து லிப்ட் வரைக்கும் தொட்டி தொட்டியாகப் பூ. மூன்று நாளில் பூ கொட்டியதும் எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். நீ துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாய். "இது அசேலியாங்க்கா. எங்கப்பா எஸ்டேட் பங்களால இதத்தான் வேலி வேலியா வளத்துனாரு. பூ கொட்டுனா செத்துப்போச்சுன்னு அர்த்தமா?" என்றாய். சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஒன்றாக மடியில் வைத்து வேனில் கொண்டுவந்தாய்.

வேன் டிரைவர் கேட்டார்: "ஏனுங்க்கா, டிக்கெட் எடுக்காத ஆளையெல்லாம் ஏத்தறீங்க?"

"மடியில வெச்சுக்கற கொழந்தைக்கு எந்த ஊர்லீங்க டிக்கெட்டு?" என்றாய். கருமத்தம்பட்டி வரும் வரைக்கும் வேன் முழுக்கச் சிரிப்பு.

நான் மட்டும் சிரிக்கவில்லை. "இது நம்மூர் வெயில் தாங்குமாடி?" என்று கேட்டேன்.

"நானே தாங்குனேனுங்க்கா" என்றாய்.

உன் மலையில் காட்டுப் பூவரசு என்று ஒரு மரம் இருக்கிறது, சோலைக்குள் சிவப்பாகப் பூத்து நிற்கும் என்று அன்றைக்குத்தான் சொன்னாய். "இது அதுக்குத் தங்கச்சி முறை. அக்கா காட்டுலயே நின்னுபோட்டா. தங்கச்சி தொட்டிக்கு வந்துட்டா." நான் அந்த மரத்தைப் பார்த்ததில்லை. கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாய். போகவே இல்லையே.

எத்தனை பாடுடி அந்தச் செடிகளுக்கு. நம் ஊர் மண் ஆகாதென்று உன் தம்பி ரவியிடம் சொல்லி, டீத் தோட்டத்து மண்ணையும் சவுக்கு மரத்தடி மக்கையும் மூட்டை கட்டி பஸ்ஸில் போடச் சொன்னாய். "புளிச்ச மண்ணு வேணுமுங்க்கா இதுக்கு" என்றாய். "அப்ப மோர ஊத்திரு" என்று நான் கேலி பண்ணினேன். போர்வெல் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் காட்ட மாட்டாய். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பு வேரிலும் படியும் என்பாய். எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் வருகிற நல்ல தண்ணீரைச் செடிக்கு மொண்டு ஊற்றினாய். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா சும்மா இருப்பாரா?

"குடிக்கற தண்ணியச் செடிக்கு ஊத்தறவள இப்பத்தான் பாக்கறேன். மனுசரு உப்புத்தண்ணில குளிச்சு முடி கொட்டிக் கெடக்கறோம், மகாராணிக்கு ஆத்துத்தண்ணி."

"எங்கொடத்துத் தண்ணிதானுங்க்கா. நான் ரெண்டு சொம்பு கொறச்சுக் குடிச்சுக்கறேன்" என்று நீ தலையைத் தூக்காமலே சொன்னாய்.

அதற்கப்புறம்தான் அந்த நீல டிரம்மை வாங்கித் தகரக் கூரை ஓரத்தில் வைத்தாய். மழைத் தண்ணீர் பிடிக்க. வாயில் பழைய சேலையைக் கட்டி, ஒருத்தரையும் தொட விடாமல். போன வருசம் மாசியில் ஐந்தும் ஒன்றாகப் பூத்தபோது பாப்பாத்தியக்கா உன் வாசலில் வந்து நின்றவர் அடுப்பில் சோறு குழைகிற வரைக்கும் போகவில்லை. மறுநாள் ஒரு குடம் நல்ல தண்ணீரை உன் படியில் வைத்துவிட்டு, "மிஞ்சிப்போச்சு, வெச்சுக்க" என்று திரும்பிப் பார்க்காமல் போனார். நாம் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

ஐந்தும் ஐந்து நிறம். ஒவ்வொரு தொட்டியிலும் கரியால் புள்ளி வைத்தாய். ஒரு புள்ளி சிவப்பு, அது நந்தினி. இரண்டு புள்ளி வெள்ளை, உன் அம்மா. மூன்று புள்ளி வெளிர் ரோஸ், அது நான். நாலு புள்ளி அடர்ந்த ரோஸ், நீ. ஐந்து புள்ளி செங்கல் நிறம். "இது மட்டும் எப்பப் பாத்தாலும் மொறைக்குது, பாப்பாத்தியக்கா" என்றாய். பூ இல்லாத காலத்திலும் இலையைத் திருப்பிப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவாய். எனக்குப் புள்ளி வேண்டும்.

இரு, வாரேன். வெயில் நகர்ந்திருக்கும், தொட்டியைத் தள்ளி வைக்க வேண்டும்.

தள்ளி வைத்துவிட்டேன். எங்கே விட்டேன்? ஆஸ்பத்திரியா? அதைச் சொல்லத்தான் வாய் வர மாட்டேன் என்கிறது.

புரட்டாசிக் கடைசியில், அந்தப் பெரிய வார்டில், உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நீ திடீரென்று ஆரம்பித்தாய். "அக்கா, செடிக்கு உப்புத்தண்ணி ஊத்தீராதீங்க. மண்ணக் கொத்தாதீங்க, வேரு மேலாப்லயே ஓடும். பூ காஞ்சா கிள்ளி விடுங்க. அப்புறம்..."

நான் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன். "அப்புறமுமில்ல கிப்புறமுமில்ல. ஊட்டுக்கு வந்து நீயே பாத்துக்க. என்ற கிட்டச் சொல்லற வேலை வேண்டாம்."

"சரிங்க்கா" என்றாய். வாயை மூடிக்கொண்டாய்.

நீ சொல்லச் சொல்ல, நீ வீட்டுக்கு வர மாட்டாய் என்று நானே ஒத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. அதனால்தான் அடைத்தேன். அந்த 'அப்புறத்துக்கு' அப்புறம் என்ன இருந்தது என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்து என்ன பண்ண?

பொங்கல் வந்தது. நோம்பிக்கு வெள்ளையடிக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? எனக்கு மனசே இல்லை. என் வீட்டுக்காரர்தான், "ஊடு அழுது வடியுது, அடிச்சு வுடு புள்ள" என்று சுண்ணாம்பு வாங்கி வந்து போட்டார். மட்டையைக் கையில் எடுத்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. என் வீட்டுச் சுவர் அடித்தேன். பூட்டிக் கிடந்த உன் வீட்டு முன் சுவரையும் அடித்தேன். மிச்சச் சுண்ணாம்பை என்ன செய்வோம்? துளசி மாடத்துக்கு, வேப்பமரத்தடிக்கு, செடித் தொட்டிக்கு. காலங்காலமாக அப்படித்தானே. உன் ஐந்து தொட்டிக்கும் உள் விளிம்பு வரைக்கும் இரண்டு பூச்சுப் பூசி, நடுவில் காவிப் பட்டை போட்டேன். வரிசையாகக் காய வைத்துத் தள்ளி நின்று பார்த்தபோது, நீ பார்த்தால் சந்தோசப்படுவாய் என்று நினைத்தேன்டி. அன்றைக்குத்தான், நீ போன பிறகு முதல் தடவையாக, நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

உன் கரிப்புள்ளிகள் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டன என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சுண்ணாம்பைக் கரைக்கப் பெரிய பாத்திரம் வேண்டியிருந்தது. மார்கழியில் மழை இல்லாமல் உன் நீல டிரம் காலியாக நின்றது. அதில்தான் கரைத்தேன். வேலை முடிந்ததும் இரண்டு தடவை அலசிவிட்டு, நல்ல தண்ணீர் பிடித்து நிரப்பி, அதிலிருந்தே தினமும் செடிக்கு ஊற்றினேன். உப்புத்தண்ணீர் ஊற்றவில்லை பார், அந்த ஒரு பேச்சைக் காப்பாற்றுகிறேன் என்று பெருமை வேறு. டிரம்மின் அடியில் வெள்ளை வண்டல் இருந்தது. அது என்ன செய்யும் என்று விட்டேன்.

தை முடிவதற்குள் கொழுந்தெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நரம்பு மட்டும் பச்சை. மஞ்சள் துணியில் பச்சை நூல் ஓட்டின மாதிரி. செடிக்குப் பசி என்று நினைத்து, கத்தரிச் செடிக்குப் போடுகிற மாதிரி அடுப்புச் சாம்பலைப் போட்டேன். அது இன்னும் கேடு என்று எனக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வந்தவளின் வாயைத்தான் அடைத்துவிட்டேனே.

"ஏனம்மிணி, மஞ்சக் காமாலையாட்ட இருக்குது. கீழாநெல்லி அரைச்சு ஊத்திப் பாக்கறதா?" என்றார் பாப்பாத்தியக்கா.

சிரிக்காதே. ஊற்றியும் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் நந்தினி போன் பண்ணி, "அம்மா செடி பூத்துதுங்களா பெரியம்மா?" என்றாள். மாசமாக இருக்கிற பிள்ளையிடம் என்ன சொல்ல? "ஜோராப் பூத்திருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு, போன வருசம் எடுத்த போட்டோவை அனுப்பினேன். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வளைகாப்புக்கு ஐந்து தொட்டியும் வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேள்.

"அம்மா உசுரோட இருந்திருந்தாலும், தாலியில்லாதவன்னு முன்னால நிக்க உட்டிருக்க மாட்டாங்க பெரியம்மா. கதவோரம்தான் நின்னிருக்கும். செடிய ஆரும் ஒதுங்கி நில்லுன்னு சொல்ல மாட்டாங்கல்ல. ஜமக்காளத்துல எம்பக்கத்துல வெச்சுக்கறேன். வளையல நீங்க போடுங்க."

அன்றிலிருந்து என் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வாரம் ஒன்றாகச் செடி போய்க்கொண்டிருந்தது. நாலாவதும் கருகியபோது ரவியைக் கூப்பிட்டு, போனிலேயே செடியைக் காட்டினேன்.

"தொட்டி என்னங்க்கா இத்தன வெள்ளையா இருக்குது?" என்றான்.

"பொங்கலுக்குப் பூசுனனுங்க தம்பி."

"சுண்ணாம்புங்களா? தண்ணி எதுலீங்க்கா எடுத்து ஊத்தறீங்க?"

டிரம் கதையைச் சொன்னேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "புளிப்பு மண்ணுல பொறந்த செடிங்க்கா. அதுக்குச் சுண்ணாம்பு ஆகவே ஆகாது. அக்கா சொல்லலீங்களா?" என்றான்.

புது மண் அனுப்புங்க தம்பி என்று மட்டும் கேட்டேன்.

மறுநாளே மண் மூட்டை பஸ்ஸில் வந்தது. மிச்சமிருந்த ஒன்றைப் பழைய மண்ணிலிருந்து எடுத்தேன். வேர் தலைமுடி மாதிரி அவ்வளவு மெலிசு. குடிக்கிற தண்ணீரில் அலசி அலசி, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி, புது மண்ணில் மேலாக வைத்து மூடினேன். சுண்ணாம்பு படாத மண் தொட்டி. வேப்பமர நிழல். பாப்பாத்தியக்காதான் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அவரே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள். இப்போது இரண்டு கொழுந்து பச்சையாக வந்திருக்கிறது. முன்னமே வைத்திருந்த மொட்டில் ஒன்றே ஒன்று உதிராமல் நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் எழுந்து எழுந்து ஓடுகிறேன்.

முந்தாநாள் மத்தியானம் நந்தினியிடம் சொல்லிவிட்டேன். "கண்ணு, நான் அனுப்புன போட்டோ இந்த வருசத்துது இல்ல."

"தெரியுமுங்க பெரியம்மா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"போட்டோ ஓரத்துல அம்மா செருப்புக் கெடக்குது."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். கிடக்கிறது. நீலவார், ஒன்று கவிழ்ந்து. நூறு தடவை பார்த்த போட்டோ, பூவை மட்டுமே பார்த்திருக்கிறேன். நான் சொல்லட்டும் என்று அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

செத்துப்போன நாலையும் பற்றிச் சொன்னேன். சுண்ணாம்பு, டிரம், சாம்பல், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள்: "அம்மா கொண்டாந்தது அஞ்சு இல்லீங்க பெரியம்மா, ஏழு. நீங்க லீவு போட்ட அன்னிக்கு ரெண்டு சேத்திக் கொண்டாந்துச்சு. மொதல்ல போர்த்தண்ணி ஊத்தி அம்மாவேதான் ரெண்டையும் சாவடிச்சுது. துளசியக்காகிட்டச் சொல்லீராத, ஊட்டிக்காரிக்கே தெரியலயான்னு சிரிப்பாங்கன்னு சொல்லுச்சு."

எனக்கு உன் மேல் வந்த கோபம் இருக்கிறதே. மூன்று வருசம் என்னிடம் மறைத்திருக்கிறாய். நான் சிரித்திருப்பேன், உண்மைதான். சிரித்தால் என்ன இப்போது? சொல்லியிருந்தால், உனக்கும் தவறும் என்று தெரிந்திருந்தால், நான் உன்னைக் கொஞ்சம் பேச விட்டிருப்பேனோ என்னவோ. நீயும் மறைத்தாய், நானும் அடைத்தேன். நடுவில் செடிதான் செத்தது.

"ஒண்ணு போதுமுங்க பெரியம்மா, எடுத்துட்டு வாங்க" என்றாள் நந்தினி. ரவி வேறு சொல்கிறான்: இப்போது அசைத்தால் மொட்டு கொட்டினாலும் கொட்டிவிடும், ஆனால் சித்திரை வெயிலில் இங்கேயே விட்டால் செடியே தாங்காது. ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் சீரோடு அவன் ஜீப்பில் பவானி வருகிறான். சடங்கு முடிந்ததும் செடியை அப்படியே கோத்தகிரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறேன் என்கிறான்.

சரி என்று சொல்லிவிட்டேன். போகும்போது மடி நிறைய. திரும்பும்போது ஒன்றும் இருக்காது. உன் வீட்டுக்கு வேறு ஆள் குடிவரப் போகிறார்கள். உன்னுடையது என்று இந்த வாசலில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். வைத்துக்கொள்ளலாமா என்று நேற்று ஒரு நாழி நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன். என் கண் முன்னாலேயே இருக்கட்டும், வாடினாலும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று. பிறகு அந்த வார்டு ஞாபகம் வந்தது. உன்னையும் அப்படித்தான், போகிற ஆளைப் போகிறாள் என்று ஒத்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ சொல்ல வந்தது பாதியில் நின்றது.

அதனால் கேள். ஞாயிறு விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவேன், வெயில் ஏறுவதற்குள். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. கையில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், பாப்பாத்தியக்கா இப்போதே தனியாகப் பிடித்து மூடி வைத்திருக்கிறார். மடியை விட்டு இறக்க மாட்டேன். பவானியில் நந்தினிக்கு வலது பக்கம், ஜமக்காளத்தின் மேல், எல்லோருக்கும் முன்னால் உன்னை நிறுத்துவேன். பூத்தாலும் சரி, மொட்டு உதிர்ந்து வெறும் இலையாக இருந்தாலும் சரி. சித்திரை பிறக்கும் முன்னால் நீ மலையில் இருப்பாய். அந்தப் பூவரசு மரத்தையும் ஒரு நாள் நானே பஸ் ஏறி வந்து பார்ப்பேன். இந்த ஒன்றிலாவது தவற மாட்டேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
நந்தினிக்குப் பெரியம்மா,
துளசிமணி

மடித்துவிட்டுத் திரும்பப் பிரித்தேன். ஒன்று கேட்க வேண்டும். செத்த தொட்டிகளையும் இந்தச் செடி இருந்த தொட்டியையும் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், உன் புள்ளி தெரியுமா என்று. சுண்ணாம்போடு கரியும் சேர்ந்து உதிர்ந்துவிட்டது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மொட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் வாய் திறக்குமோ திறக்காதோ. நந்தினியா, உன் அம்மாவா, நானா, பாப்பாத்தியக்காவா, நீயா? நான் மடியில் வைத்துக்கொண்டு போகப் போவது யாரைடி?